ஆர்.கே. சண்முகம் செட்டியார்: கட்சி மாறியா, காரியக்காரரா?

ஜூன் 4, காலை 7.15 – வாசகர் ஒருவரின் கேள்வி

சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் நம்ம கோயம்புத்தூர்க்காரர் என்று ஆளாளுக்குப் பெருமையடிக்கிறீர்கள். நீதிக்கட்சியில் இருந்தார், சுயராஜ்யக் கட்சிக்குப் போனார், வெள்ளைக்காரனிடம் சர் பட்டம் வாங்கினார், ராஜாவுக்குத் திவானாக இருந்தார், கடைசியில் நேரு மந்திரிசபையிலும் உட்கார்ந்தார். காற்றடித்த பக்கம் சாய்ந்தவர் என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

ஜூன் 4, இரவு 9.50

பட்டியலில் பிழை இல்லை. வரிசைகூடச் சரி. நான் சண்டைக்கு வருவது அந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும்.

அவர் படித்தது சட்டம். வக்கீலிடம் வழக்கோடு வருகிறவரைக் கட்சிக்காரர் என்றுதானே சொல்கிறோம்? அந்தக் கணக்கில் ஒருமுறை பாருங்கள். நீதிக்கட்சி, சுயராஜ்யக் கட்சி, கொச்சி மகாராஜா, வெள்ளை அரசு, மன்னர்களின் நரேந்திர மண்டலம் (அங்கே அரசியல் சட்ட ஆலோசகர்), கடைசியில் நேரு. கட்சிக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், வக்கீல் ஒருவர்தான். காகிதத்தை வாங்கிப் படித்து, எதிராளிக்கு முன்னால் உட்கார்ந்து பேசி, கிடைத்ததை வாங்கிக்கொண்டு வருவது அவர் வேலை.

இது பாராட்டா, குறையா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. கண் சொக்குகிறது, நாளைக்கு.

ஜூன் 5, இரவு 8.30

ஆரம்பத்திலிருந்து வருகிறேன். பிறந்தது 1892, கோவை. சென்னைக் கிறித்தவக் கல்லூரி, அப்புறம் சட்டக் கல்லூரி. 1917-ல் கோவை நகரசபை உறுப்பினர். 1920-ல் நீதிக்கட்சிக்காரராகச் சென்னை மாகாணச் சட்டமன்றம். 1924 முதல் டெல்லியில் மத்திய சட்டசபை, அங்கே சுயராஜ்யக் கட்சிக்குக் கொறடா. மோதிலால் நேருவின் கட்சிக்கு, நீதிக்கட்சியிலிருந்து போன ஒருவர் கொறடா! இதைக் கேட்டால் இன்றைக்கும் நம் ஊர் டீக்கடையில் சிரிப்பார்கள். இன்னொரு பக்கம் பெரியாரின் சுயமரியாதை இயக்கத்தோடும் நெருக்கம்.

ஆனால் ஒன்று. அன்றைய கட்சியை இன்றைய கட்சி மாதிரி நினைத்தால் கணக்கு தப்பும். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. வணிகர்களுக்குத் தனித் தொகுதி, ஜமீன்தார்களுக்குத் தனித் தொகுதி. ஊர் முழுக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை, ஓட்டுள்ளவர்களுக்குத் தெரிந்தால் போதும். கொடிக்கம்பம், வட்டச் செயலாளர் எல்லாம் பிறகு வந்த சமாச்சாரம்.

1930-ல் காங்கிரஸ்காரர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். இவர் உள்ளேயே இருந்தார். 1931-ல் துணைத் தலைவர், 1933-ல் தலைவர். சர் பட்டமும் அதே 1933-ல்தான். 1934 தேர்தலில் காங்கிரஸ் திரும்பி வந்தது, அவினாசிலிங்கம் செட்டியாரிடம் தோற்றுப்போனார். சபைத் தலைவராக இருந்துகொண்டே தோற்பது சும்மா இல்லை.

ஜூன் 5, இரவு 11.05

மேலே எழுதியது தப்பு. அவினாசிலிங்கமும் 1934-ல்தான் ஜெயித்துப் போனார், ஆனால் அது வேறு தொகுதி. சண்முகம் செட்டியாரைத் தோற்கடித்தவர் காங்கிரஸின் சாமி வெங்கடாசலம் செட்டி, வணிகர் தொகுதியில். இரண்டு செட்டியார்களைக் குழப்பிக்கொண்டு மூன்றாவது செட்டியாரை மறந்துவிட்டேன். மன்னிக்கவும்.

தப்பு ஒருவகையில் நல்லதுக்குத்தான். வணிகர் தொகுதி என்பதால் விஷயம் இன்னும் உறைக்கிறது. சாதாரண சனம் அவரைத் தோற்கடிக்கவில்லை, அவருடைய சொந்த ஆட்களே கைவிட்டார்கள். காரணம் ஒட்டாவா.

ஜூன் 6, காலை 6.40

ஒட்டாவா என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

1932-ல் கனடாவின் ஒட்டாவாவில் பிரிட்டிஷ் பேரரசுக்குள் இருந்த நாடுகள் கூடிப் பேசின. உலகமெங்கும் மந்தம். "நாம் நமக்குள் வரியைக் குறைத்துக்கொள்வோம், வெளியாள் முழு வரி கட்டட்டும்" என்பது திட்டம். இந்தியாவின் சார்பில் போன குழுவில் இவர் ஒருவர். பிரிட்டிஷ் சரக்குகள் பலவற்றுக்கு இந்தியா பொதுவாக 10 சதவீதச் சலுகை தந்தது. பதிலுக்கு நம் சரக்குகள் சிலவற்றுக்கு அங்கே சலுகை. திரும்பி வந்து சபையில் இதற்காக வாதாடி ஒப்புதலும் வாங்கிக் கொடுத்தார்.

வெளிநாட்டுத் துணியை எரித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் பிரிட்டிஷ் சரக்குக்குச் சலுகை கொடுத்துவிட்டு வந்து ஓட்டுக் கேட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. 1936-ல் அதே சபை ஒட்டாவா ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளச் சொல்லி ஓட்டுப் போட்டது. அப்போது இவர் சபையில் இல்லை, கொச்சியில் இருந்தார்.

பேரத்தில் கெட்டிக்காரர், யாருக்காகப் பேரம் பேசுகிறோம் என்பதில் அசட்டை. முந்தாநாள் நான் சொன்ன வக்கீல் உவமை எனக்கெதிராகவே திரும்புகிறது, தெரியும்.

ஜூன் 8, மதியம் 2.20

கொச்சி பற்றி எழுதும் முன் ஒரு சொந்தக் கதை.

முப்பது வருஷம் நூல் மில் ஒன்றில் கணக்குப் பார்த்தேன். தொண்ணூறுகளில் ஒருநாள் பாக்கி வசூலுக்காக எர்ணாகுளம் போனேன். பஸ்ஸில் நடத்துநர் "ஷண்முகம் ரோடு, ஷண்முகம் ரோடு" என்று கத்தினார். காயலோரம், நல்ல காற்று. முருகன் கோயில் பக்கத்தில் இருக்கும்போலிருக்கிறது, வேலை முடிந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம் என்று இறங்கினேன். துணிக்கடை, நகைக்கடை, படகுத்துறை எல்லாம் இருந்தது. முருகனைக் காணோம். நான் போன கடையின் முதலாளி சிரித்துவிட்டு, "சாரே, அது உங்கள் ஊர் திவான்" என்றார். கோயம்புத்தூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஒரு மலையாளி சொல்லித்தான் தெரிந்தது. பாக்கியும் அன்றைக்கு வரவில்லை, அது வேறு கதை.

1935 முதல் 1941 வரை அங்கே திவான். கொச்சித் துறைமுகம் 1936-ல் பெரிய துறைமுகம் என்ற அந்தஸ்தைப் பெற்றதும் அந்தக் காலத்தில்தான். ஆழப்படுத்தியதும் வில்லிங்டன் தீவை எழுப்பியதும் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர். அந்தப் பெருமையைத் தூக்கி இவருக்குக் கொடுக்க வேண்டாம், நம் ஆட்கள் சிலர் கொடுக்கிறார்கள்.

ஜூன் 8, இரவு 10.10

கொச்சியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் 1938. அந்த வருஷம் கொச்சி சமஸ்தானத்தில் இரட்டை ஆட்சி வந்தது. சட்டசபைக்குப் பதில் சொல்லும் ஒரு மந்திரிக்குச் சில துறைகளைக் கொடுப்பது, மற்றதெல்லாம் திவான் கையிலேயே. அம்பாட்டு சிவராம மேனன் முதல் மந்திரி ஆனார். இந்திய சமஸ்தானங்களில் இது முதல்முறை.

இப்போது தேதிகளைப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் இரட்டை ஆட்சி தொடங்கியது 1920. இவர் அரசியலில் கால் வைத்ததே அதில்தான். அங்கே 1937-ல் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு மாகாண சுயாட்சி வந்தது. மறு வருஷமே இவர் பழையதை எடுத்துத் துடைத்துக் கொச்சியில் வைத்தார். நம் வீட்டில் புது பீரோ வந்ததும் பழைய பீரோவைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்புவோமே, அதுபோல.

கேலியாகச் சொன்னாலும், ராஜா ஆட்சியில் அதுவே பெரிய அடி. பக்கத்து சமஸ்தானமான திருவிதாங்கூரில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அதே 1938-ல் பொறுப்பாட்சி, அதாவது சட்டசபைக்குப் பதில் சொல்லும் ஆட்சி, கேட்டவர்களை எப்படி அடக்கினார் என்று தெரிந்தவர்களுக்கு வித்தியாசம் புரியும்.

ஜூன் 9, காலை 7.00

திருச்சூரில் பூர்வீகமுள்ள ஒருவர் நன்றாகக் கொட்டு வைத்திருக்கிறார்: "1936-ஐத் தாண்டி 1938-க்குக் குதித்துவிட்டீர்களே, மின்சாரம் என்னாயிற்று?"

நியாயம். திருச்சூர் நகரத்துக்கு மின்சாரம் வழங்கும் உரிமையைச் சென்னையைச் சேர்ந்த ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்தார் திவான். நகரமே எழுந்தது. இக்கண்ட வாரியர், டாக்டர் ஏ.ஆர். மேனன் போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். கொச்சியில் மக்கள் அரசியல் சூடு பிடித்ததே இந்தக் கிளர்ச்சியில்தான் என்பார்கள். கொடுமை என்னவென்றால், சிவராம மேனன் இறந்ததும் அந்த ஏ.ஆர். மேனனே இவருக்குக் கீழ் மந்திரியாக வந்து உட்கார்ந்தார்.

ஆக, மக்களிடம் போய்ப் பேசி ஒப்புக்கொள்ள வைப்பது அவருக்குப் பழக்கமில்லை. மேசைக்கு எதிரே நாலு பேர் உட்கார்ந்தால் புலி. ஒட்டாவாவிலும் அதே வியாதி, திருச்சூரிலும் அதே வியாதி.

ஜூன் 11, இரவு 9.15

இப்போது புலி வேட்டை.

1941-42-ல் அமெரிக்காவில் இந்தியக் கொள்முதல் குழுவுக்குத் தலைவர், போர்ச் சரக்கு வாங்கும் வேலை. 1944-ல் பிரெட்டன் உட்ஸ். பன்னாட்டு நிதியமும் உலக வங்கியும் உருவான மாநாடு. இந்தியக் குழுவின் தலைவர் ஜெரமி ரைஸ்மன், வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் நிதி உறுப்பினர், வெள்ளைக்காரர். நம் ஆட்களாக ரிசர்வ் வங்கி கவர்னர் சி.டி. தேஷ்முக், பம்பாயின் ஏ.டி. ஷ்ராஃப், நம்மவர்.

பெரிய சண்டை ஸ்டெர்லிங் பாக்கி பற்றியது. போர்க்காலத்தில் பிரிட்டன் இந்தியாவிலிருந்து சரக்கும் ஆளும் எடுத்துக்கொண்டு, "லண்டனில் உங்கள் கணக்கில் வரவு வைத்திருக்கிறோம்" என்றது. பணம் எழுத்தில் இருந்தது, கைக்கு வரவில்லை. அதை மாநாட்டில் பேசித் தீர்க்க வேண்டும் என்றது இந்தியா. வங்கியில் பத்து லட்சம் டாலர் இருக்கிறது, டாக்ஸிக்குக் கொடுக்கக் கையில் காசில்லை என்பது போன்ற நிலைமை இது என்று ஷ்ராஃப் அங்கே சொன்னார். கடனில் கழுத்தளவு கிடந்த பிரிட்டன், இது எங்கள் இருவர் விவகாரம் என்று கதவைச் சாத்திவிட்டது.

கிடைத்தது வேறு. நிதியத்தில் இந்தியாவுக்கு 40 கோடி டாலர் பங்கு. ரஷ்யா கடைசியில் சேராததால் முதல் ஐந்து நாடுகளில் ஒன்றாகி, நிர்வாகக் குழுவில் நிரந்தர இடம் மாதிரி ஒன்று வந்தது. இன்னும் விடுதலை அடையாத நாட்டுக்கு!

மில் கணக்குக்காரனாக எனக்கு இது ரொம்பப் பழகிய சங்கடம். பேரேட்டில் வரவேண்டிய பாக்கி மலைபோல் இருக்கும், சனிக்கிழமை கூலி போடப் பெட்டியில் பணம் இருக்காது.

ஜூன் 11, இரவு 9.40

மறந்துவிட்டேன். அந்த ஸ்டெர்லிங் பாக்கிக்காகவே 1948 கோடையில் நிதியமைச்சராக லண்டன் போய்ப் பேசினார். அப்போது மீதி சுமார் 116 கோடி பவுண்டு. அதில் வெள்ளையர் விட்டுச்சென்ற ராணுவத் தளவாடங்களுக்கு 10 கோடி, வெள்ளை அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்காக 16.8 கோடி கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். அவர்கள் ஓய்வூதியத்துக்கு நம் காசு முன்பணமாக. இதையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். 1944-ல் சாத்திய கதவு 1948-ல் இவ்வளவுதான் திறந்தது.

ஜூன் 12, காலை 6.30

பட்ஜெட்டைச் சொல்லாமல் எங்கெங்கோ சுற்றுகிறேன் என்று முதல் கேள்விக்காரர் சிரிக்கிறார். சரி.

1947 நவம்பர் 26. ஆகஸ்ட் 15 முதல் அடுத்த மார்ச் 31 வரை ஏழரை மாதத்துக்கான கணக்கு. வருவாய் 171.15 கோடி ரூபாய். செலவு 197.39 கோடி, அதில் ராணுவத்துக்கு மட்டும் 92.74 கோடி. துண்டு விழுந்தது 24.59 கோடி. பிரிவினை நடந்து மூன்று மாதம், அகதிகள் முகாம்களில், தானியம் பற்றாக்குறை.

ஜூன் 12, காலை 11.00

"ஐயா கணக்குக்காரரே, 197.39-லிருந்து 171.15 போனால் 26.24 அல்லவா?" என்று ஒரு கல்லூரிப் பையன் மடக்கியிருக்கிறான். முப்பது வருஷ அனுபவத்துக்கு நல்ல மரியாதை.

இரண்டு எண்ணும் சரி, தம்பி. முதலில் விழுந்த துண்டு 26.24. அப்புறம் அவர் ஒரு புது வரி போட்டார், அதிலிருந்து 1.65 கோடி வரும் என்று கணக்கிட்டார். கழித்தால் 24.59. நான் நடுவிலுள்ள படியை விழுங்கிவிட்டேன்.

அந்தப் புது வரி எதன்மேல் தெரியுமா? வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகும் பருத்தித் துணி, நூல்மேல்! பஞ்சாலைக் குடும்பத்துக்காரர், பஞ்சாலை ஊர்க்காரர், முதல் பட்ஜெட்டில் நூலுக்கே வரி. தம்பி கேட்டிருக்காவிட்டால் எனக்கு இது உறைத்தே இருக்காது.

காற்றடித்த பக்கம் சாய்கிறவர் இதைச் செய்திருப்பாரா? முதல் கேள்விக்காரருக்கு இந்தக் கேள்வியைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

ஜூன் 12, இரவு 8.00

அவர் பதில் உடனே வந்துவிட்டது: "ஏற்றுமதிக்கு வரி போட்டார், ஏய்த்தவர்கள் பட்டியலில் பேரை அடித்தார்."

ஜூன் 14, இரவு 11.30

இரண்டு நாள் இதற்குப் பதில் எழுதாமல் இருந்தேன். எழுதப் பிடிக்கவில்லை என்பதுதான் உண்மை.

போர்க்காலத்தில் கொள்ளை லாபம் அடித்து வரி ஏய்த்தவர்களை விசாரிக்க 1947-ல் வருமான வரி விசாரணைக் கமிஷன் வந்தது. யார் யார் வழக்கு அங்கே போக வேண்டும் என்று அரசு பட்டியல் கொடுக்கும். பட்டியலிலிருந்து சில பெயர்கள் விலக்கப்பட்டன. விஷயம் வெளியே வந்தது. 1948 ஆகஸ்ட் 17-ல் ராஜினாமா. மந்திரியாகி ஒரு வருஷமும் இரண்டு நாளும். லண்டனில் கையெழுத்திட்ட மை காயவில்லை. கொஞ்ச நாளில் ஜான் மத்தாய் அந்த நாற்காலிக்கு வந்தார்.

இனி என் கதை. வேலையில் சேர்ந்து மூன்றாம் வருஷம். ஆண்டுக் கடைசியில் வராக்கடன் பட்டியல் தட்டச்சாகி வந்தது, நீளத்தாள், இருபத்தேழு பெயர். மேலதிகாரி பென்சிலால் இரண்டு பெயருக்கு நேரே சின்னதாக ஒரு கோடு போட்டு, "இது ரெண்டும் வேண்டாம், புதுசா அடிச்சுக் கொண்டு வா" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. புதிதாக அடித்து, கீழே என் சுருக்கொப்பம் போட்டு வைத்தேன். ஆறு மாதம் கழித்துத் தணிக்கை வந்தபோது தாளில் இருந்தது இருபத்தைந்து பெயரும் என் ஒப்பமும். பென்சில் கோடு போட்ட தாள் எங்கேயும் இல்லை. அந்த வருஷ உயர்வு எனக்கு நின்றது. அவருக்கு வரவேண்டியது வந்தது.

அதனால் பட்டியல் என்றாலே எனக்குக் கீழே ஒப்பம் போட்டவன்மேல் ஒரு பரிதாபம் உண்டு. ஆனால் இங்கே சண்முகம் செட்டியார் தட்டச்சு அடித்த பையன் இல்லையே, மேலதிகாரி அல்லவா? நான் இரக்கப்படுவது அவர்மேலா, என்மேலா என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். விலக்கியதில் அவருக்குச் சொந்த லாபம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அறையில் நடந்ததற்கு அமைச்சர் பொறுப்பு, அதைத் தட்டவும் மாட்டேன்.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. வேறொரு மந்திரியாக இருந்திருந்தால் கட்சி நாலு பேரை அனுப்பிப் பேச வைத்திருக்கும். அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி போல இவரும் காங்கிரஸுக்கு வெளியிலிருந்து அழைக்கப்பட்டவர். அவர்கள் இருவருக்கும் பின்னால் கூட்டம் இருந்தது. இவருக்குப் பின்னால் இருந்தது கோப்புகள். கட்சிக்காரர்களை மட்டுமே சேர்த்த வக்கீலுக்குக் கட்சி இல்லாமல் போயிற்று.

ஜூன் 15, காலை 7.20

கேள்வி கேட்டவர்: "கடைசி வரிக்காகவே முதல் நாள் அந்தச் சிலேடையைப் போட்டு வைத்தீர்களா?"

இல்லை. ஆனால் போட்டு வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

ஜூன் 15, இரவு 9.00

பிரிவினைக் கணக்கில் பாகிஸ்தானுக்குக் கொடுக்க வேண்டிய 55 கோடி ரூபாயை ஏன் விட்டுவிட்டேன் என்கிறார்கள். நிறுத்தி வைத்ததும், காந்தி உண்ணாவிரதம் இருந்தபோது 1948 ஜனவரியில் விடுவித்ததும் இவர் நிதியமைச்சராக இருந்தபோதுதான். ஆனால் அது மொத்த மந்திரிசபையின் முடிவு, அதற்குத் தனி இழையே போதாது. அடிதடி ஆகும், இங்கே வேண்டாம்.

ஜூன் 17, மாலை 5.45

பெண் வாசகர் ஒருவர், தமிழாசிரியை, ரொம்ப அழகாக ஒரு விஷயம் சேர்த்திருக்கிறார். தமிழிசை இயக்கத்தில் முன்னால் நின்றவர் இவர். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியிருக்கிறார். பதவி போன பிறகு 1951-52-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1953 மே மாதம் இறந்தபோது வயது 60.

அவர் கவனித்தது இது: "வணிகன் மனைவியோடு ஊரை விட்டுக் கிளம்புகிறவரைக்கும் உரை எழுதினார். பொய்ப்பழி வரும் மதுரைக் காண்டத்துக்குள் போகவில்லை."

படித்ததும் சிலிர்த்தது. ஆனால் அம்மா, உரை வந்தது 1946-ல், பழி வந்தது 1948-ல். ஜோசியம் பார்க்க வேண்டாம். புகாரில் ஆட்டமும் பாட்டும் இருக்கிறது, அரங்கேற்று காதை இருக்கிறது, தமிழிசைக்காரருக்கு அது போதும். டெல்லி வேலைக்கு நடுவே மதுரைக்குப் போக நேரம் கிடைத்திருக்காது.

ஜூன் 17, இரவு 10.30

அப்புறம் யோசித்தேன். அவர் பேரம் பேசிக் கொண்டுவந்த எதையும் நம் ஊரில் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. வினாடி வினாவில் ஒரு வரி, அவ்வளவுதான். திருச்சூரில் திட்டுவதற்கென்றாவது ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி கேட்டவரே, நீங்கள் கட்சி மாறி என்கிறீர்கள், நான் காரியக்காரர் என்கிறேன். 1948 பட்டியலில் மட்டும் உங்களுக்கு ஒரு மதிப்பெண் கூடத் தருகிறேன். நூல் வரியில் எனக்குக் கொடுங்கள்.

ஜூன் 18, காலை 6.50

கொடுத்துவிட்டார். அரை மதிப்பெண்.

அடுத்த வாரம் எர்ணாகுளம் போகிறவர் யாராவது இருந்தால், அந்த ரோட்டின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்துப் போடுங்கள். முருகன் கோயில் இருந்தாலும் சொல்லுங்கள்.